என் பைக்குள் ஓர் ஆற்றுக்கல்

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மலையடிவார செக்போஸ்ட்டில் பஸ் நிற்கிறது. பக்கத்து சீட்டு இருளர் அம்மா, மடியிலிருந்த ஆற்றுக்கல்லைச் சட்டென்று என் பைக்குள் திணிக்கிறார்.

"இது செத்துப்போன எங்க ஊட்டுக்காரருங்க," என்கிறார் மெதுவாக. "காட்டுக்குள்ள எங்க சுடுகாட்டுல செத்த ஆளுக்கொரு கல்லு வெப்போம். கல்லு இருந்தா எடம் எங்களுதுன்னு ஆயிருமாம். பாரஸ்ட்காரங்க பாத்தா புடுங்கிப்போடறாங்க."

வனக்காவலர் ஏறுகிறார். அந்த அம்மாவின் துணிப்பையைக் கீழே கொட்டிக் கிளறுகிறார். பிறகு என் பையைப் பார்க்கிறார்.

"சார் எங்க போறீங்க?"

"சொந்தக்காரங்க ஊட்டுக்குங்க."

காவலர் இறங்கிப் போய்விடுகிறார். பஸ் கிளம்பியதும் கல்லை எடுத்து நீட்டுகிறேன். அந்த அம்மா வாங்கவில்லை.

"மேல இன்னொரு செக்போஸ்ட் இருக்குதுங்க."

நான் இறங்க வேண்டிய ஊர் அதற்கு முன்னாலேயே வருகிறது.