மணமகள் அறையில் பாலையா

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகிற சாலையில், வீடுகள் குறைந்து மாந்தோப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அதன் சாவிக்கொத்து பல வருடங்கள் மனோரமாவின் இடுப்பில்தான் இருந்தது. மண்டபத்தின் சொந்தக்காரர் பெங்களூரில் இருந்தார். எப்போதாவது காரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி தேதி கொடுப்பது, ஆள் வைத்துக் கழுவுவது, சமையல்காரர்களிடமிருந்து அண்டா குண்டாவைத் திரும்ப வாங்கி வைப்பது, காபி ஆறிப்போய்விட்டது என்று முறுக்கிக்கொண்ட சம்பந்தியைச் சமாதானப்படுத்துவது எல்லாமே மனோரமாதான்.

அவள் நகரி ஊர்க்காரி. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே வராது. தனசேகரைக் கட்டிக்கொண்டு ரேணிகுண்டாவுக்கு வந்தாள். அவன் லேத்து பட்டறையில் வேலை பார்த்தவன். ஒருநாள் மிஷின் அவனுடைய வலதுகை விரல்கள் இரண்டைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் எந்தப் பட்டறையிலும் அவனைச் சேர்க்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். பின்பக்கம் ஒரு அறை, பக்கத்தில் சமைக்க ஒரு இடம். அங்கேதான் அவர்களுடைய ஒரே மகள் கௌசிகா வளர்ந்தாள். விசேஷம் இல்லாத நாட்களில் மணமகள் அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படிப்பாள். டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

கௌசிகாவுக்குக் குடிபாலாவிலிருந்து வரன் வந்தது. பையன் பேர் பிரபாகர். வேலூரில் ஒரு கடையில் கணக்கு பார்த்தான். நிச்சயம் ஆனதிலிருந்து இரண்டு பேரும் ஃபோனும் கையுமாகவே இருந்தார்கள். மண்டபத்துக்காரரும், "உன் பொண்ணு கல்யாணத்த நம்ம மண்டபத்துலயே வெச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். எத்தனையோ பெண்களை அந்த மேடைக்குக் கைபிடித்து ஏற்றிவிட்டவள் மனோரமா. தன் மகளும் அதே மேடையில் ஏறப்போகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் மேடைப் படியை இன்னொருமுறை துடைத்துவிட்டு வருவாள்.

கார்த்திகையில் முகூர்த்தம். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் பெய்த அந்த மழையைத் திருப்பதிப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. தெருவில் கார்கள் மிதந்துபோன மழை அது. சுவர்ணமுகி கரை புரண்டு ஓடியது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மைல் தள்ளியிருந்த ஏரியின் கரையில் நீர் கசிய ஆரம்பித்தது. ஏரிக்குக் கீழே ஒரு காலனி. எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பாதிப்பேர் தெலுங்கு, பாதிப்பேர் தமிழ். சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்து ஆட்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, உடனே வெளியேறச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். எங்கே போவது என்று அந்த மைக் சொல்லவில்லை.

மத்தியானம் மண்டபத்து கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, சாக்கை முக்காடு போட்ட கிழங்கள்.

"லோபலிகி ரானிவ்வண்டி அம்மா," என்று ஒரு பெண் கம்பிக்கு நடுவே கையை நீட்டிக் கேட்டாள். உள்ளே விடச் சொல்லித்தான் கேட்டாள்.

தனசேகர் மனைவியைப் பார்த்தான். "ஓனருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கலாமா?"

"கேட்டா வேணாம்பாரு. அப்புறம் தொறக்கவே முடியாது," என்று சொல்லிவிட்டு மனோரமா கேட்டைத் திறந்தாள்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்காலிகளை ஓரம் தள்ளி, ஜமுக்காளங்களை விரித்துப் போட்டார்கள். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் மனோரமா எடுத்தாள். கம்பெனிக்கு லீவு போட்டிருந்த கௌசிகா அடுப்பு மூட்டினாள். சாயங்காலத்துக்குள் ஏரிக்கரை உடைந்துவிட்டது. காலனி இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது என்று மாடியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் மண்டபத்தில் எழுந்த அழுகை மேளச்சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பாலையாவைக் கடைசியாகத்தான் கொண்டுவந்தார்கள். அறுபது தாண்டியவர். மற்றவர்களோடு கிளம்பியவர், கட்டிப்போட்ட எருமையை அவிழ்த்துவிட வேண்டுமென்று பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறார். கரை உடைந்த நேரத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இழுத்துவந்து போட்டபோது உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது, மூச்சு கீச்சுக் கீச்சென்றது. அவருடைய மனைவி வெங்கடலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் ஈரக்காற்று வீசியது. கட்டில் இருந்த இடம் மணமகள் அறை ஒன்றுதான். அதில் கௌசிகாவின் புடவைகளும் வளையல் பெட்டிகளும் அடுக்கியிருந்தன.

அதைத் திறந்தது கௌசிகா. "அம்மா, இங்க இட்டுக்கினு வரச் சொல்லு. கதவு சாத்தினா குளிர் அடிக்காது," என்றாள். பெட்டிகளைத் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். புதுக் கம்பளி ஒன்றைப் பிரித்து அவளே போர்த்திவிட்டாள்.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துகொண்டே இருந்தார்கள். சாலையில் பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால் வண்டி அந்தப்பக்கமே நின்றுவிட்டது. மறுநாள் காலையில், கௌசிகா கொடுத்த கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, "எருமை கரையேறிச்சா?" என்று தெலுங்கில் கேட்டார் பாலையா. ஏறிவிட்டது என்று கௌசிகா சொன்னாள். அவளுக்கு அது தெரியாது. கொஞ்சநேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

சுடுகாடு ஆற்றோரம் இருந்தது, அதுவும் முழுகிவிட்டது. உடலை எடுத்துப்போக இடமில்லை. அன்று முழுவதும் பாலையா மணமகள் அறையிலேயே கிடந்தார். தலைமாட்டில் விளக்கு, கால்மாட்டில் வெங்கடலட்சுமி. வெளியே குழந்தைகள் பசி என்று அழுதார்கள், பந்தி நடந்தது. மழை விட்டு, பாலத்தில் தண்ணீர் வடிந்த பிறகு மாந்தோப்புக்காரர் ஒருவர் மேட்டில் இடம் கொடுத்தார். தனசேகரும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்து கால் கழுவுவதற்குள் குடிபாலாவிலிருந்து கார் வந்து நின்றது. பிரபாகரின் அம்மா சுந்தராம்பாள் இறங்கினாள். பிரபாகர் காரிலேயே இருந்தான். சுந்தராம்பாள் கெட்ட மனுஷி இல்லை. படியேறும்போதே அங்கிருந்த குழந்தைகளைப் பார்த்து, "அய்யோ பாவமே" என்று கண்ணைத் துடைத்தாள். அப்புறம் மனோரமாவைத் தூணோரம் கூட்டிப்போனாள்.

"அண்ணி, கேள்விப்பட்டதெல்லாம் நெசமா? பொண்ணு ரூம்லயே சாவு உழுந்துச்சாமே. யாரு தொறந்து உட்டது?"

"நான்தான்," என்றாள் மனோரமா.

"சரி, போவுது. எங்க வூட்ல வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பேசி சரிக்கட்டிட்டு வந்திருக்கேன். ஊரு பூரா பத்திரிக வெச்சாச்சு. இவங்கள எல்லாம் இன்னைக்கே வேற எடத்துக்கு அனுப்பிடுங்க. கழுவி உட்டு, அய்யர வெச்சு புண்ணியாசனம் பண்ணிட்டு, அந்த ரூம பூட்டிப் போட்டுட்டா கல்யாணம் நல்லபடியா நடந்துடும்."

"எங்க அனுப்பறது அண்ணி? ஸ்கூல்ல முட்டியளவு தண்ணி நிக்குது. பச்சக்கொழந்தைங்க இருக்குது. தேதிய கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமே."

"தள்ளி வெச்சா ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. அப்புறம் இது நடக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்க பொண்ணு வாழ்க்க இது."

"இவங்கள வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல எம்பொண்ணுக்குத் தாலி ஏற வேணாம்," என்றாள் மனோரமா. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்த கௌசிகாவுக்கும் கேட்டது. சுந்தராம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். கார் திரும்பும்போது பிரபாகர் கண்ணாடி வழியாகப் பார்த்தான். கௌசிகா அடுத்த இலைக்குக் குனிந்து சாம்பார் ஊற்றினாள். அன்று பந்தி முடியும்வரை அவள் கையிலிருந்து வாளியை இறக்கவேயில்லை.

கல்யாணம் நின்றுவிட்டது. முகூர்த்த நாளன்று மண்டபத்தில் பிள்ளைகள் மேடையேறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாகச் சேற்றுக்குத் திரும்பினார்கள். போகும்போது சில பெண்கள் மனோரமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வெங்கடலட்சுமிக்குத் திரும்பிப்போக வீடு இல்லை. சுவர்கூட மிஞ்சவில்லை. கொஞ்சநாள் மனோரமாவின் பின்னறையில் இருந்தாள். கௌசிகாவைப் பார்க்கும்போதெல்லாம், "மா வல்லே கதா," என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். எங்களால்தானே என்று அர்த்தம். அப்படியெல்லாம் இல்லை என்று கௌசிகா ஒருதடவைகூடச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தபோது வெங்கடலட்சுமியைக் காணோம். காளஹஸ்தியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மணமகள் அறையில் சாவு விழுந்த செய்தி பரவிவிட்டது. தை மாதத்துக்குத் தேதி வாங்கியிருந்தவர்கள் வரிசையாக வேண்டாமென்றார்கள். பெங்களூரிலிருந்து ஃபோன் வந்தது. "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்க வேணாமாம்மா?" என்று ஆரம்பித்த மண்டபத்துக்காரர், வேறு ஆள் வைக்கப்போவதாகச் சொல்லி முடித்தார். மனோரமா சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தாள். மூன்று பேரும் ரயில்வே லைன் பக்கத்தில் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குப் போனார்கள். தனசேகர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் ஆனான். மனோரமா லேடீஸ் ஹாஸ்டலில் சமைக்கப் போனாள்.

கௌசிகா அந்த வீட்டில் அதிகநாள் இருக்கவில்லை. ஷிப்டுக்கு வசதி என்று கம்பெனிப் பக்கமே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். வாரம் ஒருமுறை வந்தவள் மாதம் ஒருமுறை வந்தாள். மறுவருடம் ஒருநாள் ஃபோனில், கூட வேலை செய்கிற சந்துருவை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டதாகச் சொன்னாள். "நேத்து நடந்துச்சும்மா." மனோரமா, "சந்தோஷம்மா," என்று சொல்லிவிட்டு ஃபோனைத் தனசேகரிடம் கொடுத்தாள். ஹாஸ்டலில் அன்று நூறு சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது. பிசைந்தாள்.

அதற்கடுத்த வருடம் டிசம்பரில் புயல் வந்தது. ஸ்ரீசிட்டிப் பக்கம் கௌசிகா குடியிருந்த தெருவில் தண்ணீர் புகுந்துவிட்டது. கைக்குழந்தையோடு அவளும் சந்துருவும் நனைந்து வந்து மனோரமாவின் வாசலில் நின்றார்கள். இருந்த ஒரே கட்டிலில் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். ஆம்பிளைகள் இரண்டு பேரும் பால் வாங்கப் போயிருந்த ஒரு காலைவேளையில், குழந்தையின் துணிகளை ஃபேனுக்குக் கீழே உலர்த்திக்கொண்டே மனோரமா சொல்லிவிட்டாள்.

"அந்தக் கல்யாணம் என்னாலதான் நின்னுச்சு. ஒனக்கு என்மேல கோவம்னு தெரியும். எனக்கு வேற வழி தெரியலம்மா."

கௌசிகா குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "கல்யாணம் நின்னதுக்கு எனக்குக் கோவமே இல்லம்மா. கார்லயிருந்து எறங்காத ஆளக் கட்டிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னாண்ட பேசாம இருக்க?"

"அன்னைக்கு நான் அங்கதான நின்னுகினு இருந்தேன். அந்தம்மா ஒங்க பொண்ணு வாழ்க்கன்னு சொல்லுச்சு. நீ எம்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. ரூம தொறந்தது நான். அதையும் நீதான்னு சொன்ன. வேணாம்னு சொன்னதும் நீதான்."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"நீ சொன்னதயேதான் சொல்லியிருப்பேன். இவங்கள அனுப்ப மாட்டோம்னு." கௌசிகா குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினாள். "ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்மா. என் கல்யாணத்த நான் உட்டதா இருந்திருக்கும். இப்ப பாரு, நான் சும்மா சாம்பார் வாளிய வெச்சுகினு நின்னவ."

மனோரமா கையிலிருந்த குழந்தைச் சட்டையை உதறினாள், மறுபடியும் உதறினாள். பால் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் குழந்தையை வாங்கி ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கொடுத்தாள் மனோரமா. இப்போது கௌசிகா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்கிறாள். குழந்தைக்குப் பல் முளைத்தது, நடக்க ஆரம்பித்தது, சந்துருவுக்கு ஷிப்டு மாறியது என்று பேசுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மனோரமா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை. "துன்னியாம்மா?" என்று கேட்கிறாள். "ஆச்சும்மா," என்கிறாள் கௌசிகா.