அவர் பெயரில் வெட்டிய ஏழு மரங்கள்

அருளானந்தம் சாரின் மனைவி செசிலி அக்காவின் போன் வந்தபோது நான் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். "சார் போயிட்டாங்க, மலரு" என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, "அந்த லெட்டர வாங்கிக்கிட்டாங்களா?" என்று கேட்டார்கள். முந்தின நாள் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதத்தோடு அப்படியே திரும்பியதை அவர்கள் வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. "இல்லக்கா" என்றேன். அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார்கள்.

அருளானந்தம் சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமயத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அவர்கள் ஆய்வாளராக இருந்தார்கள், நான் உதவியாளர். ஊருக்கு அவர்கள் 'மாட்டு டாக்டர்'. வருகிற ஒவ்வொரு மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஓர் அட்டை போடுவார்கள். வயது, காயம், நோய், செய்ய வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிற ஒருவர் ஒருமுறை, "இருமல மட்டும் எழுதாதீங்க சார், வெல போகாது" என்று கெஞ்சினார். "இருக்கறத எழுதுனாத்தாங்க வைத்தியம் நடக்கும்" என்று சொல்லி இருமலை முதல் வரியிலேயே எழுதினார்கள். அந்த மனிதர் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் கடைத்தெரு மரங்களின் விவகாரம் வந்தது. வடிகால் கட்டப்போவதாகச் சொல்லி, தெருவோரத்துப் பதினோரு வேப்ப மரங்களையும் வெட்டப் பேரூராட்சி நோட்டீஸ் ஒட்டியது. "மரம் பேரூராட்சிக்குச் சொந்தம், பேரூராட்சி வெட்டுது, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று தலைவர் கேட்டார். பேரூராட்சி யாருக்குச் சொந்தம் என்று திருப்பிக் கேட்க அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. சார்தான், "மனு எழுதுவோம்" என்றார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. "வெட்டாதீங்கன்னு ஒரே வரி போதும் சார்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "மாட்டப் பாக்காம மருந்து குடுப்பியாம்மா?" என்றார்கள். இரண்டு நாள் வெயிலில் அலைந்து பதினோரு மரத்துக்கும் அட்டை போட்டார்கள். மூன்றாவது மரம்: தண்டில் பொந்து, கிளி குடியிருக்கிறது, நலமாக உள்ளது. ஐந்தாவது: அடியில் கரையான், மருந்து தெளிக்க வேண்டும். எட்டாவது: பட்டுப்போன கிளை ஒன்று, அதை மட்டும் நீக்க வேண்டும். வடிகாலை மூன்றடி தள்ளி எப்படிக் கொண்டுபோகலாம் என்று படமும் வரைந்து வைத்தார்கள். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டோம். மனுதாரர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் இருந்தது.

அந்தப் புண்ணியவான்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொந்து, கரையான், பட்ட கிளை என்ற மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, 'மனுதாரர் அருளானந்தம் அவர்களின் மனுவின் பேரில் ஆபத்தான மரங்கள் அகற்றப்படுகின்றன' என்று பதினோரு மரத்துக்கும் சேர்த்து உத்தரவு போட்டார்கள். மிஷின் வந்தது. மத்தியானத்துக்குள் ஏழு மரங்கள் சாய்ந்தன. சார் மனு நகலோடு ஓடிவந்து நின்றார்கள். "பொந்து இருக்குன்னு நீங்கதானே சார் எழுதுனீங்க?" என்றார் அதிகாரி. "எம் பல்லுலகூடத்தான் பொந்து இருக்கு. என்னையும் வெட்டுவீங்களா?" என்றார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஷின் நிற்கவில்லை.

பேரூராட்சியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியமில்லை. கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் பாதிப் பேர் அன்றைக்கே விறகுக்குக் கிளை இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கடைத்தெருவில் வெயில் சுட்டதும், "மாட்டு டாக்டர் எழுதிக் குடுத்துத்தான் வெட்டுனாங்க" என்று அவர்களே பேசினார்கள். நானும் அருகில் நின்று கேட்டேன், ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. இன்றுவரை அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

மீதி நாலு மரத்திலும், அடுத்து வெட்டுவதற்கு அடையாளமாக, சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சாருக்கு அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. படுக்கையில் இருந்தபடியே மனுவை வாபஸ் வாங்கும் கடிதத்தை எழுதி என்னிடம் கொடுத்தார்கள். "எம் பேரச் சொல்லி வெட்டக்கூடாதும்மா. வெட்டுறதுன்னா அவங்க பேர்லயே வெட்டட்டும்" என்றார்கள். அந்தக் கடிதத்தைத்தான் எழுத்தர் வாங்க மறுத்தார். "மனுதாரர் நேர்ல வரணும்மா" என்றார். எழுந்து உட்கார முடியாதவர் என்று சொன்னேன். அவர் தலையே நிமிரவில்லை.

அடக்கத்தன்று தலைவர் ஆளுயர மாலையோடு வந்தார். "சார் பேர்ல ஒரு மரக்கன்னு நட்டுருவோம்மா" என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். "அவங்க பேரு ஏற்கெனவே ஒங்க ஆபீஸ்ல கெடக்கு. மொதல்ல அத எடுங்க" என்றார்கள். தலைவர் மாலையை வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார்.

கல்லறைக்குப் போகும் வழியில்தான் பேரூராட்சி அலுவலகம். வாசலுக்கு நேரே வந்ததும் அக்கா, "எறக்குங்க" என்றார்கள். சாரின் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஜெபம் சொல்லி வந்த பங்குச் சாமியாரும் தடுக்கவில்லை. பெட்டியை இறக்கிப் படிக்கட்டில் வைத்தோம். அக்கா என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு படியேறி, சத்தம் போடாமல், "மனுதாரரு நேர்ல வந்துருக்காங்க. வாங்கிக்குங்க" என்றார்கள்.

எழுத்தர் எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கடிதத்தை வாங்கி முத்திரை குத்தி, தேதி போட்டு, நகலை அக்காவிடம் கொடுத்தார். அக்கா பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, அதை மடித்துச் சாரின் சட்டைப் பையில் வைத்தார்கள்.

சார், அந்த நாலு மரத்துக்கு நாளைக்கு என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது. ஆனால் இனி உங்கள் பெயரைச் சொல்லி ஒருவனும் கோடாரி எடுக்க முடியாது. அடுத்த மனுவில் மனுதாரர் நான்தான். ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போய் வாருங்கள் சார்.