பீச்சாங்கை தூக்கிய வகுப்பு

"புரியுது மேடம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் தலை வலிக்கிறது. ஆரம்பப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் விரிவுரையாளர். பின்னமோ வகுத்தலோ, நடத்தி முடித்துவிட்டு "புரியுதா?" என்று கேட்பேன். வகுப்பே ஒரே குரலில் "புரியுது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுக்கும். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டால் மூன்றில் ஒன்று என்று டக்கென்று சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். இவர்கள்தான் நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்தப் போகிறவர்கள். கோபப்பட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இப்போது அலுத்துவிட்டது.

அந்த அலுப்போடுதான் அன்று ஒரு மேற்பார்வைக்காகப் பெக்கோக் பக்கம் போனேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் என் பயிற்சி ஆசிரியை ஒருத்தி மூன்றாம் ஆண்டுக்குக் கணிதம் நடத்திக்கொண்டிருந்தாள். குளுவாங்கைச் சேர்ந்த பெண். முந்தைய கற்பித்தல் பயிற்சியில் தேறாமல் போனவள். அவள் கேள்வி கேட்டால் வகுப்பு வாயைத் திறக்கவில்லை என்று அப்போதைய மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். இந்த முறையும் தேறாவிட்டால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான். பத்து பாகாட்டிலிருந்து போகும் வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள். முந்த முடியாமல் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் என் முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது.

மேற்பார்வை நாள் என்பது ஏறக்குறைய பெண் பார்க்கும் நாள்தான். பிள்ளைகள் தலையைப் படிய வாரியிருந்தார்கள். மேசையில் எனக்குத் தின்னக் கறிபாப்பும் குடிக்க மைலோவும் வைத்திருந்தார்கள். வெண்பலகையில் அட்டையில் செய்த பீட்சா ஒட்டியிருந்தது. பின்னம் என்றால் எங்கள் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பீட்சாவைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. இத்தனை வருடங்களில் நான் பார்த்த அட்டைப் பீட்சாக்களை அடுக்கினால் ஒரு கடையே வைக்கலாம்.

ஆனால் பாடம் பிரமாதமாகப் போனது. அவள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. யாரைக் கூப்பிட்டாலும் சரியான விடை. தலைமையாசிரியர் வாசலில் நின்று பூரித்துப் போனார். எனக்குத்தான் உறுத்தியது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் வகுப்பு பூமியில் கிடையாது. ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கைகளைக் கவனித்தேன். பல பிள்ளைகள் இடது கையைத் தூக்கியிருந்தார்கள். இடது கையால் ஒரு தாளை நீட்டினாலே அதட்டுகிறவர்கள் நாம். இந்த வகுப்பில் யாரும் யாரையும் அதட்டவில்லை. இடது கை தூக்கிய எந்தப் பிள்ளையையும் அவள் கூப்பிடவுமில்லை.

ஓய்வு நேரத்தில், இடது கை தூக்கியிருந்த ஒரு சிறுமி சிற்றுண்டிச்சாலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து மீ நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா அந்தக் கையத் தூக்கின?" என்று கேட்டேன்.

"விடை தெரிஞ்சா சோத்தாங்கை, தெரியலன்னா பீச்சாங்கை. டீச்சர்தான் சொன்னாங்க. பீச்சாங்கையக் கூப்ட மாட்டாங்க, பயப்படத் தேவையில்ல லா" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு மீண்டும் மீயில் இறங்கினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளி நூல்நிலையத்தில் பயிற்சி ஆசிரியையை உட்கார வைத்து, "இது என்னம்மா ஏமாத்து வேலை?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. தலை குனிந்தபடியே பேசினாள்.

"போன தடவ யாருமே கை தூக்கல மேடம். கூப்டுருவாங்கன்னு பயம். தெரியாட்டியும் தூக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் பயம் போச்சு. இப்ப எல்லாருமே தூக்குறாங்க."

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். இடது கை தூக்கின பிள்ளைங்க யாராருன்னாவது உனக்குத் தெரியுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சன்னலோரம் இருக்கும் பையனுக்குப் பாதி என்றால் தெரியும், பாதியைப் பாதியாக்கினால் குழம்புவான். முன்வரிசைச் சிறுமிக்குப் படத்தில் காட்டினால் தெரியும், எண்ணாக எழுதினால் தெரியாது. சிற்றுண்டிச்சாலைச் சிறுமிக்கு நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால் நான்கில் ஒன்றுதான் பெரியது. இப்படி ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மேற்பார்வைக்குப் போகும் இடமெல்லாம் பாடம் முடிந்ததும் 'எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை?' என்றுதான் கேட்பேன். 'எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு மேடம்' என்பதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் அவங்கள ஏன் விட்டுட்ட?"

"அவங்க ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது மேடம்? கீழ உள்ள நம்பர் பெருசா இருந்தா பின்னம் சின்னதுன்னு இடைநிலைப்பள்ளியில மலாய்ல மனப்பாடம் பண்ணேன். ஏன்னு எனக்கே தெரியாது. உங்க வகுப்புலயும் புரியுதுன்னுதான் சொன்னேன். நானும் பீச்சாங்கைதான் மேடம்."

கோபம் போன இடம் தெரியவில்லை. வருத்தமாக இருந்தது. இந்தப் பெண் என் வகுப்பில் எத்தனை நாள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. ஒரு தாளை நீளவாக்கில் பட்டைகளாகக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். ஒன்றை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னேன், அதே அளவுள்ள இன்னொன்றை நான்கு பேருக்கு. அவள் மடித்தாள், சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தாள். ஓய்வு முடிந்து மணி அடித்த பிறகும் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதிப்பீட்டுத் தாளில் புள்ளி போடாமல் எழுந்தேன். "கடைசி மேற்பார்வைக்கு வர்றேன். அன்னிக்கு முதல்ல பீச்சாங்கையக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

கடைசி மேற்பார்வைக்கு என்னோடு இன்னொரு தேர்வாளரும் வந்தார். வேறு கல்லூரிக்காரர், நல்ல மனிதர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் பார்க்கிறவர். மதிப்பீட்டுத் தாளின் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தால்தான் அவள் தேறுவாள். நான் சொல்லிவிட்டு வந்தது எவ்வளவு பெரிய ஆபத்து என்று வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வழக்கம்போல் அவள் வலது கைகளைக் கூப்பிட்டால் தேறிவிடுவாள். அப்படியே செய்துவிடட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டேன்.

அவள் கேட்டாள். கைகள் எழுந்தன. தேர்வாளர் திருப்தியாகத் தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய்ச் சிற்றுண்டிச்சாலைச் சிறுமியின் மேசை அருகே நின்றாள். சிறுமி திடுக்கிட்டு எழுந்து, "தெரியல டீச்சர்" என்றாள். என் பக்கத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"சரி. என்ன தெரியல?"

"நாலு பெருசுதானே டீச்சர்? அப்புறம் எப்படி நாலுல ஒண்ணு சின்னதாவும்?"

அவள் விடையைச் சொல்லவில்லை. இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்தாள். சிறுமி மடித்தாள், கோணலாகக் கிழித்தாள், இன்னொரு பட்டை கேட்டாள். மற்ற இடது கைகளும் மெல்ல எழுந்து வந்து மேசையைச் சுற்றிக்கொண்டன. நேரம் ஓடியது. அவள் செய்து கொண்டுவந்திருந்த வண்ண அட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன. திட்டத்தில் எழுதியிருந்த குழு விளையாட்டுக்கு நேரமே இல்லை. கடைசியில் சிறுமி துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அலமாக்! நெறைய பேரு வந்தா ஆளுக்குக் கொஞ்சந்தான் டீச்சர் வரும்!" என்று கத்தினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பாடத்துக்கு முடிவே இல்லை.

நூல்நிலையத்தில் தேர்வாளர் குறைகளை அடுக்கினார். நேரக் கட்டுப்பாடு இல்லை, முடிவு இல்லை, பயிற்றுத் துணைப்பொருளைத் தொடவே இல்லை. பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அந்தப் பிள்ளைதான் கை தூக்குச்சே. விடை தெரியாம ஏங்க தூக்குச்சு?" என்று கேட்டார்.

"தெரியாததாலதான் தூக்குச்சு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. நேரத்துக்கும் முடிவுக்கும் புள்ளிகளைக் குறைத்தார். மற்றவற்றில் கை வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு லேட்டாகிவிட்டது என்று கிளம்பினார். அவள் மயிரிழையில் தேறினாள்.

அவளை உள்ளே கூப்பிட்டு அதைச் சொன்னேன். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். எனக்கு மறுபடியும் லோரிகளின் பின்னால் ஊர்ந்து வீடு போய்ச் சேர வேண்டும், முழங்கால் வேறு வலித்தது. நின்றபடியே, அடுத்து பின்னங்களைக் கூட்டும்போது கீழே உள்ள எண்களை ஏன் கூட்டக்கூடாது, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டலாம் என்று அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "புரியுதா?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, இடது கையைத் தோள் வரைக்கும் தூக்கினாள்.

கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.