புதரக்காவின் நூல்

கோணிச் சட்டைக்குள் தலையை நுழைத்து, நெற்றியில் விழும் காய்ந்த கோரையை ஒதுக்கிவிட்டு, புதரக்கா குந்தி உட்கார்கிறார். அவ்வளவுதான். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள குட்டையோரத்தில் இனிமேல் ஒரு புதர் கூடுதல். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புதர் இரண்டு முழம் தள்ளி இருக்கும். எப்போது நகர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சோபாவுக்கு உறை தைப்பது அவருடைய தொழில். என் வீட்டுச் சாய்வு நாற்காலியைக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தச் சட்டை ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். கோணி, கிழிந்த திரைச்சீலை, சோபாவின் அடியில் உரித்த கறுப்புத் துணி, கொத்துக் கொத்தாகக் கோரை. பூச்சாண்டி வேஷமா என்று கேட்டேன்.

"நாரை பாக்கப் போற சட்டை தம்பி. துவைக்கிறதே இல்ல. துவைச்சா பளிச்சுன்னு ஆயிடும், அதுங்க கண்டுபிடிச்சிடும்" என்றார். துவைக்காத விஷயத்தை அவர் சொல்வதற்கு முன்பே சட்டை எனக்குச் சொல்லியிருந்தது.

கடையில் அவர் வாய் ஓயாது. தையல் இயந்திரத்தை விட அதிகச் சத்தம் அவருடையது. "சோபா உடைஞ்சாலும் உடையும், என் தையல் பிரியாது" என்பதை வருகிற ஆளுக்கெல்லாம் ஒருமுறை சொல்லிவிடுவார். சோபாவுக்குப் போடும் தடித்த பச்சை நைலான் நூலைக் கொண்டுதான் சட்டையில் கோரையையும் கட்டியிருந்தார். இப்படிப்பட்டவர் குட்டையோரத்தில் மூச்சு விடுவதுகூடக் கேட்காது என்றால் யார் நம்புவார்கள்?

அவர் கணவர் நம்புகிறார். பணிமனையில் வெல்டர். "பொண்ணு பாத்துத்தான் தம்பி கட்டுனேன். இப்ப ஞாயித்துக்கிழமையானா புதரைத் தேடிட்டு அலையிறேன்" என்றார் என்னிடம். "ஒருநாள் தெரியாம அவ மேலயே ஈரத்துண்டைக் காயப் போட்டுட்டேன். பக்கத்துல நாரை நின்னுச்சாம், வாயே திறக்கல. வீட்டுக்கு வந்து மொத்தமா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

எதற்கு இந்தப் பாடு என்று அக்காவைக் கேட்டேன். "மீனைப் புடிச்சதும் தலை முன்னால போற மாதிரித் திருப்பிப் போட்டு முழுங்கும். கழுத்துல அது இறங்குறது அப்படியே தெரியும். தூரத்துல இருந்து பாத்தா இதெல்லாம் எங்க தெரியுது?" என்றார். வேறு காரணம் இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டும் பார்த்தேன். இதுதான் காரணம்.

போன ஞாயிறு அவர்கள் இருவரோடும் நானும் போனேன். நாரை ஒன்று கோரைக்குள் நின்று இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. எழும்பும், கால் பின்னால் இழுக்கும், விழும். பணிமனைக் காவலாளி தார்ப்பாயோடு ஓடிவந்தார்.

"மேல போட்டு அமுக்கிடலாம்க்கா."

"வேணாம். பயந்து உதறும், உதறினா கால் போயிடும்" என்ற அக்கா, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. நாரையின் காலில் சுற்றியிருந்தது பச்சை நூல். மறுமுனை கோரை வேரில் சிக்கியிருந்தது. அவர் போட்டிருந்த கோணிச் சட்டையின் ஓரத்தில் ஒரு கோரைக் கொத்து கட்டிய நூலோடு காணாமல் போயிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். "என் நூல்தாங்க அது" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

கணவர் சட்டைப்பையிலிருந்து வெல்டிங் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "இதையாச்சும் போட்டுக்க. அலகு நேரா கண்ணுக்குத்தான் வரும்."

"மின்னும்ங்க" என்று அதைத் தள்ளிவிட்டு அக்கா தண்ணீரில் இறங்கினார். கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

புதர் நகர்ந்தது. நாரை அடிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தது. எத்தனையோ வாரமாகப் பக்கத்தில் பார்த்துப் பழகிய புதர் அல்லவா, அதனிடம் அதற்குப் பயம் வரவில்லை. கோணிக்குள்ளிருந்து ஒரு கை, நூல் வெட்டும் சின்னக் கத்தரியோடு வெளியே வந்தது. அலகு கைக்கு நேராகத் தாழ்ந்து நின்றது. கத்தரி கடித்தது, நூல் அறவில்லை. மறுபடியும் கடித்தது. பிரியாத தையல் போடுகிற நூலாயிற்றே, அவ்வளவு சீக்கிரம் விடுமா? பாழாய்ப்போன நூலே, அறுந்து தொலை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அறுந்தது. காலைச் சுற்றியிருந்த வளையத்தையும் விரல் மெல்ல நெகிழ்த்தி எடுத்தது. நாரை கிளம்பிய வேகத்தில் இறக்கை பட்டு, புதரின் தலையிலிருந்த கோரை பாதி பறந்துவிட்டது. வெல்டர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

கரையேறிய அக்கா ஒரு வார்த்தைதான் சொன்னார். "கால்ல ரத்தம் இல்ல."

மறுநாள் கடைக்குப் போனேன். என் நாற்காலி எலும்பும் தோலுமாக மூலையில் அப்படியே கிடந்தது. கேட்க மனம் வரவில்லை. கோணிச் சட்டை தரையில் பிரிந்து கிடக்க, பச்சை நூல் அத்தனையும் குப்பைக் கூடையில் இருந்தது. அக்கா மடியில் பருத்தி நூல்கண்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஓர் இழை எடுத்துத் தன் சுண்டுவிரலில் சுற்றி இழுத்தார். விரல் சிவந்தது, நூல் அறவில்லை. கண்டைக் கூடையில் எறிந்தார். அடுத்ததும் அறவில்லை, அதையும் எறிந்தார். ரொம்பப் பழசாய், நிறம் மங்கிய ஒன்றை எடுத்துச் சுற்றினார். லேசாகத்தான் இழுத்தார், பட்டென்று அறுந்தது. நம்பாமல் இன்னோர் இழையைச் சுற்றி இழுத்தார். அதுவும் அறுந்தது. கண்டை முந்தானையில் துடைத்து, நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, ஊசியில் கோத்து, கோணிச் சட்டையை மடிக்கு இழுத்தார்.