ராணிக்கு எட்டுகிற தூரம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் தெற்கு லண்டன் சட்டனில், அக்காவும் அத்தானும் இருக்கும் வீட்டு வாசலில் நின்றேன். பிளேஸ்டோவிலிருந்து விக்டோரியா வந்து ரயில் மாறியதில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. வெள்ளியும் செவ்வாயும் மச்ச மாமிசம் தொடாத வீட்டில் வளர்ந்த நான் பறவை வேட்டைக்குப் போகிறேன் என்றபோது மனைவி சிரிக்கவில்லை. "ராணிக்காகப் போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ராணி அத்தானின் ஸ்பானியல் நாய். அத்தான் டென்மார்க்கில் இருந்தபோது வேட்டை பழகியவர். லண்டனுக்கு வந்ததும் முதல் வேலையாக இந்தக் குட்டியை வாங்கினார். இப்போது அதற்குப் பன்னிரண்டு வயது, இதயம் பலவீனம். மெல்ல நடக்கவிட்டால் இன்னும் ஒரு நாள் வேட்டை தாங்கும், அதோடு நிறுத்திவிடுங்கள் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாளில் ராணி கடைசியாக ஒரு பறவையைக் கொண்டுவந்து தன் கையில் தரவேண்டும். அத்தானுக்கு வேறு ஆசை இல்லை.

போன இடம் ஹோர்ஷம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பண்ணை. காரில் முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. வழியில் தேநீர் குடித்தோம், இரண்டு பவுண் எண்பது, வெறும் வெந்நீர். அத்தான் தன் வேட்டைத் துவக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். குழல் வாயில் திருகிப் பூட்டும் சிறு வளையத்துக்குச் சோக் என்று பெயர். இறுக்கமான சோக் குண்டுகளைச் சேர்த்துத் தூரம் அனுப்பும். விரிந்தது கிட்டத்திலேயே பரப்பிவிடும்.

"இறுக்கமானதையும் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி, வீட்டில வைச்சிட்டன். இப்ப ஈயம் இல்லை, இரும்புக் குண்டு. அது தானாவே நெருங்கித்தான் போகும். அதாலே இருக்கிறதிலேயே விரிஞ்சதைப் பூட்டியிருக்கிறன். வெடித்தோட்டாவும் பாரம் குறைஞ்சது."

"பறவை தூரத்தில எழும்பினா?"

"விடவேண்டியதுதான்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே ஒரு பறவைக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டு, இவர் ஏன் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார்?

பண்ணையில் புதர் மண்டிய பற்றை ஓரமாக ராணி முகர்ந்து முன்னே நடந்தது. முதல் காட்டுக்கோழி வெகு தூரத்தில் எழும்பியது; அத்தான் துவக்கை உயர்த்தவேயில்லை. அடுத்தது ராணியின் தலைக்கு மேலே தாழப் பறந்தது. சுட்டால் நாய்க்குப் படும். இரண்டு முறையும் ராணி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மணியளவில் முட்பற்றைக்குள்ளிருந்து ஒரு சேவல் கிட்டவே எழும்பியது. அது வானத்துக்கு ஏறும்வரை காத்திருந்து சுட்டார். புல்லில் விழுந்த பறவை பிறகு அசையவில்லை.

"விரிஞ்ச சோக்கைப் பூட்டினது கிட்ட விழவேணும் எண்டுதானே அத்தான்?"

"ஓம். அவளுக்கு நடக்க ஏலுமான தூரத்தில விழவேணும். மற்றச் சோக் கையில இருந்தா நான் ஆசைப்பட்டுத் தூரத்தில சுட்டிருப்பன். காயப்பட்டதைத் துரத்தி அவள் ஓடியிருப்பாள்."

ராணி பறவையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பாதி வழியில் நின்றது, பிறகு படுத்துவிட்டது. வாயிலிருந்து பறவையை மட்டும் விடவில்லை.

அத்தான் துவக்கைத் திறந்து, வெடியை எடுத்துவிட்டு அதை முழங்கையில் மாட்டிக்கொண்டார்.

"இரு பிள்ளை. இண்டைக்கு நான் வாறன்."

சேற்றில் முழங்காலிட்டு உள்ளங்கையை நீட்டினார். ராணி தலையை உயர்த்திப் பறவையை அதில் வைத்தது. அத்தான் அழுதார். நானும் அழுதேன்.

சட்டனுக்குத் திரும்பும்வரை ராணி என் மடியில் தூங்கியது. மூச்சு வருகிறதா என்று அடிக்கடி கை வைத்துப் பார்த்தேன். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அக்கா கதவைத் திறந்து, புருஷனின் சேறு படிந்த முழங்கால்களைப் பார்த்தார்.

"கிடைச்சுதோ?"

நாயைத் தூக்கிக்கொண்டு நின்ற அத்தான் சொன்னார்: "ஓம். கையில தந்தவள்."