தரை ஏன் ஆடியது?

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காரங்காட்டில் என் வீட்டுக்காரர் சொந்த வள்ளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். விடாமல் இருமிக்கொண்டிருந்தவர் ஒருநாள் ரத்தமாகத் துப்பினார். காசநோய் என்றார்கள். ராமநாதபுரம் சீமையிலேயே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எங்கள் கரையில் இந்த நோய் வந்து பிழைத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, தினமும் போட்டால் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். சொன்னபடியே காய்ச்சல் விட்டது. மீன்குழம்பு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த ஊசியை நாங்கள் இருவரும் மாதாவுக்கு அடுத்தபடியாக நம்பினோம்.

அங்கே எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. மருந்து கலக்கும் அறையில் கம்பவுண்டராக இருந்தவர் ஒரு சிஸ்டர். மதராஸில் அதற்கென்றே படித்துவிட்டு வந்தவராம். நான் அதுவரை பார்த்த கம்பவுண்டர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டுவார்கள், அத்தோடு சரி. இவரோ டாக்டருடன் சேர்ந்து வார்டுக்கு வருவார். டாக்டர் போன பிறகு தனியாக மறுபடியும் வருவார். ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து, வாய் கசக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது, காதுக்குள் சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பார். என் வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும், “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டே விட்டேன். “மருந்தக் கலக்கிக் குடுத்ததோட ஒங்க சோலி முடிஞ்சிருச்சுல்ல சிஸ்டர்? பெறகு எதுக்கு இங்கன வந்து இம்புட்டுக் கேள்வி கேக்குறீக?”

அவர் சிரித்தார். “உள்ள போன மருந்து என்ன பண்ணுதுன்னு பாட்டிலைப் பாத்தாத் தெரியாதும்மா. ஆளைப் பாத்தாத்தான் தெரியும். நோயை விரட்டப் போன மருந்து, போற வழியில வேற எதையாவது இடிச்சுட்டும் போகலாம்.”

மருந்து எப்படி இடிக்கும்? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நானும் கவனிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் காலை அகட்டி வைத்து, கட்டில்களைத் தொட்டுத் தொட்டு நடப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஏன் என்று கேட்டேன்.

“கடல்ல கெடந்து வந்தவனுக்குத் தரை ஆடத்தான் செய்யும். ஒங்க அய்யாவுக்கு ஆடுனதில்லையா?” என்றார். என் அப்பாவும் கரையேறினால் கொஞ்ச நேரம் தள்ளாடித்தான் நடப்பார். அதனால் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் சோப்பைத் தேய்த்துக் கண்ணை மூடியதும் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, தொட்டியில் தோளை இடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன். “சோப்பு வழுக்கிருச்சு” என்றார். சோப்பு முகத்தில் அல்லவா இருந்தது? காலடியில் தரை காய்ந்து கிடந்தது.

அன்று சிஸ்டர் வந்தபோது, என் வீட்டுக்காரர் முறைக்க முறைக்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தரை ஆடுவது கடலால்தான் என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

“கடைசியா எப்பம்மா கடலுக்குப் போனார்?” என்று கேட்டார் சிஸ்டர்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மழைக்காலம் தொடங்கும் முன்பே படுத்தவர். இப்போது பொங்கலும் போய்விட்டது. கரையேறி மாதக்கணக்கான பிறகும் ஒருவருக்குத் தரை ஆடுமா?

சிஸ்டர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். முன்னால் சிஸ்டர், பின்னால் நான். கண்ணை மூடிய மறுகணம் அவர் என் மேல் சாய்ந்தார்.

“காதுல சத்தம் கேக்குதா? மறைக்காதீங்க.”

“கேக்குது சிஸ்டர். ராப்பகலா இரைச்சல்.”

“ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?”

“சொன்னா ஊசிய நிப்பாட்டிருவீகல்ல.”

சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். இந்த ஊசி சிலருக்குக் காதின் உட்பக்கத்தைத் தாக்குமாம். நம்மை நேராக நிற்கவைப்பதும் அந்த இடம்தானாம். இதை எதிர்பார்த்துத்தான் தினமும் விசாரிக்கும்படி சிஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தாராம். ஊசியைத் தொடர்ந்தால் காது கேட்காமலே போகலாம், நடப்பதும் கஷ்டமாகலாம். நிறுத்தினாலோ, நெஞ்சில் புண் இன்னும் முழுதாக ஆறவில்லை.

“காது போனாப் போகட்டும். உசுரு கெடந்தாப் போதும். ஊசியப் போடுங்க டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “வள்ளத்துல நிக்க முடியாமப் போனா நீங்க இருந்துக்குவீகளா?” என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டாக்டரும் சிஸ்டரும் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஊசியை நிறுத்திவிட்டு, மாத்திரையும் ஒரு பொடியும் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவானது. ஒருவேளைகூட விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

அந்தப் பொடி படுத்திய பாடு! உள்ளே போனதும் குமட்டி வாந்தி எடுப்பார். சிஸ்டர் அசரவில்லை. கஞ்சிக்கு முன் கொடுத்துப் பார்த்தார், பின் கொடுத்துப் பார்த்தார், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். வயிறு நிறையச் சாப்பிட்டபின் புளித்த மோரில் கலந்து கொடுத்தபோதுதான் தங்கியது. அதுவரை ஒவ்வொரு வேளையும் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரோ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் காட்டிக்கொடுத்ததால்தான் ஊசி போயிற்று என்ற கோபம். அவர் இருமும்போதெல்லாம், நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் பயமாக இருக்கும்.

மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரும் சிஸ்டரும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். புண் ஆறிக்கொண்டு வந்தது.

நடை முழுதாகத் திரும்பவில்லை. வராந்தாவில் தூரத்து மரத்தைப் பார்த்தபடி நடக்கப் பழகினார். கண் பார்த்தால் கால் நிற்கும் என்ற நிலைக்கு வந்தார். ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “நீ சொன்னது நல்லதாப் போச்சு புள்ள” என்றார். பிறகு பகல் வெளிச்சத்தில் மட்டும் கடலுக்குப் போனார். இருட்டில் போகும் தொழிலைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். அதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் பேரப்பிள்ளைகளின் சண்டையை விலக்கிவிடும் அளவுக்குக் காது கடைசிவரை கேட்டது.

இன்றைக்கும் நோயில் கிடப்பவர்களைப் பார்க்கப் போனால், மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு நான் எழுந்து வருவதில்லை. சாப்பிட்ட பிறகு உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, அவர்களுக்குப் பயம் போய் வாய் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.