சகலை வாங்கிய தண்டவாளம்

மெய்யநாதனுக்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. இரண்டைப் பற்றியும் அவர் பெருமைப்பட்டதில்லை. பெருமையெல்லாம் பின்னறைப் பலகைமேல் தன் கையால் போட்டுக்கொண்டிருந்த குட்டி ரயில் பாதைக்குத்தான்.

கையால் என்றால் நிஜமாகவே கையால். கடையில் விற்கும் பாதையை அவர் தொடமாட்டார். அதில் தண்டவாளம் தடித்து, யார் வீட்டு ரயிலோ போல இருக்கும் என்பார். செம்புத் தகடு ஒட்டிய குட்டிச் சிலிப்பர் கட்டைகளை, அதாவது தண்டவாளம் தாங்கும் குறுக்குக் கட்டைகளை, வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைப்பார். அந்த மெல்லிய தண்டவாளத்துக்குத்தான் பஞ்சம் வந்தது. செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. இவருடைய பாதையோ பலகைமேல் செய்துவைத்த குட்டிப் பிறை ஆற்றுப் பாலத்தின் வாசலில் வந்து நின்றது. ஆறு தயார், பாலம் தயார், மேலே போடத் தண்டவாளம் இல்லை.

தேடாத இடமில்லை. கடைசியில் தாசேக் கெலுகோரில், பொம்மைக் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்த சுலைமானிடம் ஒரு கட்டு மிச்சமிருப்பது தெரிந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்று போனில் சொன்னார். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனிதர் இருந்தாரா? மனைவி கோமதியின் தங்கை பிரியா வீட்டு விருந்தில், பிரியாவின் கணவன் விஸ்வநாதனிடம் ஊர், பேர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். சகலையும் இந்தக் கிறுக்குப் பிடித்தவன்தான். பிடிக்க வைத்ததும், ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்ததும் இவரேதான்.

சனிக்கிழமை போய் நின்றால் சுலைமான் தலையைச் சொறிந்தார். "உங்க தம்பின்னு ஒருத்தரு நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே. நீங்கதான் அனுப்புனீங்கன்னு நெனச்சேன்."

மெய்யநாதன் அங்கேயே காருக்குள் உட்கார்ந்து போன் போட்டார். விஸ்வநாதன் சிரித்தான்.

"அண்ணே, வாங்கப் போறேன்னுதான சொன்னீங்க? வாங்கிட்டேன்னு சொல்லலையே. கோவிச்சுக்காதீங்க லா."

ஊர்ப் பேச்சில் செல்லமாக ஒட்டும் அந்த 'லா'தான் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது. சகலை வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்தினார். "ஒரு கம்பிக்காகவா என் தங்கச்சி வீட்டோட மூஞ்சத் தூக்கிட்டு இருக்கீங்க?" என்று கோமதி கேட்டாள். கம்பி என்று சொன்னதில் எரிச்சல் இரண்டு மடங்கானது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், ரதத்துக்கு முன்னால் ஊரே நன்றி சொல்லித் தேங்காய் உடைத்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உடைத்தார். ஓடு எங்கோ தெறித்தது.

"யாருக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்றாள் கோமதி.

"விஸ்வநாதனுக்கு."

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து அவளுக்கு வாயெல்லாம் பல்.

சில மாதம் கழித்து விஸ்வநாதனே கூப்பிட்டான். பாதை முடிந்துவிட்டது, ஜார்ஜ்டவுனில் ரயில் பிரியர்கள் கண்காட்சி வைக்கிறார்கள், அதற்குமுன் ஒரு பார்வை பார்த்துச் சொல்ல வேண்டும். மெய்யநாதன் போனார். ஏர்கோன் போட்டு அறையை ஐஸ் பெட்டியாக வைத்திருந்தான். குனிந்து பார்த்தார். வேலை சுத்தமாக இருந்தது. அது இன்னும் வலித்தது. பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு தண்டவாளத்தின் நுனியும் அடுத்ததன் நுனியும் முட்டிக்கொண்டு, ஈயம் வைத்து இறுக்கப்பட்டு, முழுப் பாதையும் ஒரே கம்பியாகக் கிடந்தது. குளிரில் போட்ட பாதை சூட்டில் நீளும். நீள இடம் வேண்டும். துண்டுக்குத் துண்டு ஒரு நூல் இழை அளவு சந்து விட வேண்டும். இவரும் முதல் பாதையில் அதைக் கோட்டைவிட்டுத்தான் கற்றுக்கொண்டார். சகலைக்கு அந்தப் பாடம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

"எப்படிண்ணே இருக்கு?"

சின்ன ரம்பத்தை எடுத்து அங்கங்கே அறுத்தால் போதும். சொல்லவும் வாயெடுத்தார். தாசேக் கெலுகோரில் காருக்குள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

"அருமையா இருக்கு தம்பி. ஒரு எடத்துல கூட சந்து தெரியல."

கண்காட்சி மண்டபத்துக்குத் தகரக் கூரை, காற்றுக்கு நாலு விசிறி. மதியத்துக்குமேல் விஸ்வநாதனின் பாதையில் ஈயம் டிக், டிக் என்று விட்டது. தண்டவாளம் வளைந்து எழும்பியது. இன்ஜின் குப்புற விழுந்தது. கூட்டம் சிரித்தது. மெய்யநாதனுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

விஸ்வநாதன் வியர்த்து ஒழுகி வந்தான். "என்னண்ணே ஆச்சு?"

"சூட்டுல நீளும் தம்பி. சந்து விட்டுருக்கணும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"எப்படி இருக்குன்னுதான கேட்டீங்க? சந்து விடணுமான்னு கேக்கலையே. கோவிச்சுக்காதீங்க லா."

இத்தோடு இவர் கணக்குச் சரி. வெட்கத்தில் அவன் தண்டவாளத்தைக் கழற்றித் தூக்கிப் போடுவான், நைசாக வாங்கி நிமிர்த்திப் பாலத்துக்குப் போட்டுவிடலாம் என்பதுதான் மீதித் திட்டம். விஸ்வநாதன் இடுக்கியை எடுத்துப் பாதையைப் பிய்க்கத் தொடங்கினான்.

"மெதுவா, மெதுவா எடுங்க," என்றார் மெய்யநாதன்.

விஸ்வநாதன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையில் இருந்த துண்டை அவர் கண்ணெதிரே விரலால் மடக்கினான். அடுத்ததையும் மடக்கினான். ஒன்று விடாமல், நிதானமாக, கடைசித் துண்டுவரை மடக்கித் தரையில் போட்டான். மெய்யநாதன் குனிந்து பொறுக்கிப் பார்த்தார். நேராக ஒன்றுகூட இல்லை.

பிறை ஆற்றுப் பாலம் இன்றும் மொட்டையாகத்தான் நிற்கிறது. பாலத்து வாசலில் ரயில் முட்டி நிற்க ஒரு தடுப்பு வைத்திருக்கிறார், அந்த வளைந்த துண்டுகளால் செய்தது. அடுத்த தைப்பூசத்துக்கு இரண்டு மூட்டை தேங்காய் வேண்டும் என்று கோமதியிடம் இப்போதே சொல்லிவிட்டார். யாருக்கு என்று இந்த முறை அவள் கேட்கவில்லை.